செப்டம்பர் 1931: மாலுமிகள், தங்கம், முக்டென் ரயில் பாதை. எது எதை இழுத்தது?

#1 மேலவீதி

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு தேதி, கிழமையோடு படிக்க வேண்டுமென்றால் 1931 செப்டம்பரைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பாடப் புத்தகங்கள் இதை மூன்று அத்தியாயங்களாகப் பிரித்துவிடுகின்றன. பிரிட்டன் தங்கத் திட்டத்தை (பவுண்டுக்கு நிலையான விலையில் தங்கம் தரும் ஏற்பாட்டை) கைவிட்டது பொருளாதார அத்தியாயத்தில் வரும். மஞ்சூரியா ஜப்பான் அத்தியாயத்தில், வட்டமேசை மாநாடு இந்திய அத்தியாயத்தில். மூன்றும் ஒரே மாதத்தில் நடந்தவை என்பது படிக்கிறவருக்குத் தெரியாமலே போகிறது.

வரிசை இதுதான். 7 திங்கள்: லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாட்டின் வேலை தொடங்குகிறது. 10 வியாழன்: நிதியமைச்சர் ஸ்னோடன் அவசர பட்ஜெட் தாக்கல் செய்கிறார். 12 சனி: காந்தி லண்டன் வந்து சேர்கிறார். 15 செவ்வாய், 16 புதன்: ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் கடற்படை மாலுமிகள் வேலைக்குப் போக மறுக்கிறார்கள். 18 வெள்ளி இரவு: மஞ்சூரியாவின் முக்டென் நகர் அருகே ரயில் பாதையில் குண்டு. 20 ஞாயிறு இரவு: தங்கம் கொடுப்பதை நிறுத்தப் போவதாக லண்டன் அறிவிக்கிறது. 21 திங்கள்: சட்டம் நிறைவேறுகிறது, சிம்லாவில் ரூபாய்க்கு அவசரச் சட்டம் வருகிறது, சீனா சர்வதேச சங்கத்திடம் முறையிடுகிறது.

இவற்றில் எது எதற்குக் காரணம், எது வெறும் உடன்நிகழ்வு? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக "பெருமந்தத்தின் விளைவு" என்று முடித்துவிட வேண்டாம்.

#2 வங்கிக்குறிப்பு

முதலில் தங்கம் எந்த வழியாக வெளியே போனது என்று பார்த்துவிட்டால் மீதி எளிது.

1925 சட்டப்படி சாதாரண ஆள் நோட்டைக் கொடுத்துத் தங்கக் காசு கேட்க முடியாது. சுமார் 400 அவுன்ஸ் சுத்தத் தங்கம் கொண்ட பாளமாகத்தான் வாங்க முடியும். 22 காரட் அவுன்ஸுக்கு விலை 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ். ஒரு பாளத்துக்கு ஏறத்தாழ 1,700 பவுண்டு ஆகும். ஆகவே தங்கம் கேட்டு வந்தவர்கள் தெருவில் நின்ற மக்கள் அல்லர். வெளிநாட்டு வங்கிகளும் லண்டனில் குறுகிய காலப் பணம் போட்டு வைத்திருந்தவர்களும்தான். வங்கி வாசலில் வரிசை எதுவும் தெரியாமலே கஜானா காலியாகும் ஏற்பாடு அது.

பிசகு எங்கே என்றால், லண்டன் குறுகிய காலத்துக்கு வாங்கி, ஜெர்மனிக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் கொடுத்து வைத்திருந்தது. மே மாதம் வியன்னாவில் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி விழுந்தது. ஜூலை 13 அன்று பெர்லினில் டனாட் வங்கி கதவை மூடியது. ஜெர்மானியக் கடன்களைத் திரும்பக் கேட்பதில்லை என்ற உடன்பாடு செப்டம்பர் 1 முதல் ஆறு மாதத்துக்கு நடைமுறைக்கு வந்தது. கொடுத்த பணம் அங்கே உறைந்துபோனது; வாங்கிய பணத்தை மட்டும் கேட்ட அன்றே தர வேண்டும். ஜூலையில் வந்த மேக்மில்லன் குழு அறிக்கை, வெளிநாட்டாருக்கு லண்டன் தர வேண்டிய குறுகிய காலப் பணம் 400 மில்லியன் பவுண்டைத் தாண்டும் என்று அச்சிலேயே போட்டுவிட்டது. அந்த மாதக் கடைசியில், அரசுச் செலவை ஆராய சர் ஜார்ஜ் மே தலைமையில் அமைத்த குழு, பட்ஜெட்டில் 120 மில்லியன் துண்டு விழும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்த பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வங்கிக்காரர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள்.

தடுக்க என்ன செய்தார்கள்? ஆகஸ்ட் தொடக்கத்தில் நியூயார்க், பாரிஸ் நடுவண் வங்கிகளிடம் 50 மில்லியன் பவுண்டு கடன். மாதக் கடைசியில் அரசாங்கத்தின் பேரில் இன்னொரு 80 மில்லியன். ஆனால் இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் ஜூலை 30 முதல் 4½ சதவீதத்திலேயே நின்றது. இருபது லட்சத்துக்கு மேல் வேலையற்றோர் இருந்த நாட்டில் அதை 8, 10 என்று ஏற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. அந்தத் தயக்கத்தைச் சந்தை சரியாகவே புரிந்துகொண்டது.

#3 கடலோரன்

இன்வர்கார்டன் பற்றி நான் சொல்கிறேன். "10 சதவீத வெட்டுக்காகக் கலகம்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை.

ஸ்னோடன் பட்ஜெட்டில் அரசு ஊழியர் பலருக்கு 10 சதவீதம், ஆசிரியர்களுக்கு 15 சதவீதம் என்று வெட்டு. கடற்படையில் கணக்கே வேறு. 1919 விகிதப்படி ஏபிள் சீமன் எனப்படும் பயிற்சி பெற்ற மாலுமிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங். 1925 அக்டோபருக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 3 ஷில்லிங். இப்போது பழைய ஆட்களையும் 3 ஷில்லிங்குக்கு இறக்கினார்கள். அதாவது கீழ்த்தட்டில் நேராக 25 சதவீதம் போகிறது. அதிகாரிகளுக்கு 11 சதவீதத்தை ஒட்டித்தான். பழைய விகிதம் நீடிக்கும் என்ற வாக்குறுதியை நம்பி மணம் முடித்து, வாடகை வீடும் தவணைச் சாமான்களுமாக இருந்தவர்கள் அந்தப் பழைய ஆட்கள்தான். கோபத்தின் வேர் அந்த ஒரு ஷில்லிங்.

செய்தி போய்ச் சேர்ந்த விதம் இன்னும் மோசம். அட்லாண்டிக் படைத் தளபதி ஹாட்ஜஸ் மருத்துவமனையில் இருந்தார். கடற்படைத் தலைமையகம் வெட்டை விளக்கி அனுப்பிய கடிதம், அவர் இடத்தில் பொறுப்பேற்ற டாம்கின்சன் இருந்த ஹூட் கப்பலுக்கு நேரத்தில் வரவில்லை. மாலுமிகள் செய்தித்தாளிலும் வானொலியிலும் தெரிந்துகொண்டார்கள். செவ்வாய்க் காலையில் ரிபல்ஸ் குறித்த நேரத்தில் கிளம்பியது. ஹூட், நெல்சன், ராட்னி, வேலியன்ட் நான்கும் கிளம்பவில்லை. முன்தளத்தில் கூடி நின்று ஒரு கப்பல் ஆரவாரம் எழுப்ப, அடுத்த கப்பல் அதற்குப் பதில் ஆரவாரம் எழுப்பியது. கைகலப்போ துப்பாக்கியோ கிடையாது. மறுநாள் கப்பல்களை அவரவர் தாய்த் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, 21ஆம் தேதி வெட்டு 10 சதவீதத்தைத் தாண்டாது என்று அரசு இறங்கி வந்தது.

அதே மாதம் 1ஆம் தேதி சிலி நாட்டின் கொக்கிம்போவில் நின்ற கப்பல்களிலும் சம்பள வெட்டை எதிர்த்துக் கலகம். அதை விமானப்படையைக் கொண்டு அடக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் உலகின் இரு மூலைகளில் ஒரே காரணத்துக்காக இரண்டு கடற்படைகள் நின்றுபோயின.

#4 நிலாமுற்றம்

அப்படியானால் பவுண்டைக் கவிழ்த்தது இன்வர்கார்டன்தானே? தேதி பொருந்துகிறதே.

#5 வங்கிக்குறிப்பு

தேதி பொருந்துவது உண்மை. 16ஆம் தேதிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வெளியேற்றம் பெருகி, 18 வெள்ளியன்று ஒரே நாளில் 18 மில்லியன் பவுண்டை ஒட்டிப் போனது. பிரிட்டிஷ் கடற்படையே கீழ்ப்படியவில்லை என்ற தலைப்புச் செய்தி பாரிஸிலும் நியூயார்க்கிலும் என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஜூலை நடுவிலிருந்து போன மொத்தம் 200 மில்லியனுக்கு மேல். அதில் பெரும்பகுதி மாலுமிகள் நின்ற அன்றைக்கு முன்பே போய்விட்டது. இன்வர்கார்டன் நாளை முன்னுக்குத் தள்ளியது; முடிவை அது உண்டாக்கவில்லை. கடனாக வாங்கிய 130 மில்லியனும் கரைந்த நிலையில் அக்டோபரைத் தாண்டியிருக்க வழியே இல்லை என்பது என் கணிப்பு.

சனிக்கிழமை முடிவெடுத்தார்கள். இங்கிலாந்து வங்கிக் கவர்னர் மான்டேகு நார்மன் கனடாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். துணைக் கவர்னர் ஹார்வி பொறுப்பில் இருந்தார். திங்களன்று 1925 சட்டத்தின் முதல் பிரிவு இரண்டாம் உட்பிரிவை, அதாவது பாளம் விற்கும் கடமையை, நிறுத்தி வைக்கும் மசோதா ஒரே நாளில் எல்லாக் கட்டங்களையும் தாண்டியது. பங்குச் சந்தை மூடல். வங்கி வட்டி 6 சதவீதம். 4.86 டாலராக இருந்த பவுண்டு டிசம்பரில் 3.40க்கும் கீழே போய்ப் பார்த்தது.

#6 வடகிழக்கு

மஞ்சூரியா பக்கம் வருவோம். வெள்ளி இரவு சுமார் 10.20. முக்டெனுக்கு வடக்கே லியூதியாவ் ஏரி அருகே தென் மஞ்சூரிய ரயில் பாதையில் வெடி. வைத்தவர் ஜப்பானியப் படையின் லெப்டினன்ட் கவமோட்டோ சுவெமோரி. திட்டம் கர்னல் இதகாகி, லெப்டினன்ட் கர்னல் இஷிவாரா இருவருடையது. வெடி மிகச் சிறியது. பின்னாளில் சர்வதேச சங்கம் விசாரிக்க அனுப்பிய லிட்டன் குழுவே எழுதியது: சாங்சுனிலிருந்து தெற்கே வந்த ரயில் அந்த இடத்தைக் கடந்து நேரத்துக்கு முக்டென் சேர்ந்தது, அந்தச் சேதம் மட்டும் ராணுவ நடவடிக்கைக்குக் காரணமாகப் போதாது.

பாதையை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அது ஜப்பானுக்குச் சொந்தமான பாதை, மறுநாள் தங்கள் படையே அதில்தான் வர வேண்டும். சத்தம் ஒன்று கேட்டால் போதும். வெடித்த இடத்துக்கு மிக அருகில் பெய்தாயிங் முகாம், சுமார் 7,000 சீனத் துருப்புகள். அதைத் தாக்கியவர்கள் சில நூறு பேர். அவர்களுக்குத் துணை, முன்கூட்டியே ரகசியமாகக் கொண்டுவந்து முக்டென் காவற்படை வளாகத்துக்குள் நிறுத்திய இரண்டு 24 செ.மீ. பீரங்கிகள். நீச்சல் குளம் கட்டுவதாகச் சொல்லிக் கொட்டகை போட்டு, உள்ளே காங்கிரீட் பீடம் அமைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காகத் திடீரென எழுந்த படை, பல நாள் உழைத்து ஊன்ற வேண்டிய முற்றுகைப் பீரங்கியை எப்படித் தயாராக வைத்திருந்தது? வேறு சான்று எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

சீனத் தளபதி சாங் சுவெலியாங் பீக்கிங்கில் இருந்தார், டைஃபாய்டிலிருந்து தேறிக்கொண்டு. எதிர்க்க வேண்டாம் என்பது நிலைத்த உத்தரவு. விடிவதற்குள் நகரம் போய்விட்டது.

#7 நிலாமுற்றம்

லண்டன் தள்ளாடுவதைப் பார்த்துத்தான் ஜப்பான் பாய்ந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதற்கு ஆதாரம் உண்டா?

#8 வடகிழக்கு

காலவரிசை அதை ஏற்காது, நண்பரே. சதிக்காரர்கள் முதலில் குறித்த நாள் செப்டம்பர் 28. டோக்கியோவுக்கு வாடை வந்து, அடக்கி வைக்க மேஜர் ஜெனரல் தாதேகாவாவை அனுப்பியது. அவர் தூது வருகிறார் என்று தெரிந்ததும் 18க்கு முன்தள்ளினார்கள். வந்தவரை நேராக விருந்து விடுதிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கடிதத்தைக் கொடுப்பதற்குள் வேலை முடிந்தது. பாளம் பாளமாக லண்டனை விட்டுத் தங்கம் போனதும் இதுவும் ஒரே வெள்ளிக்கிழமை என்பது உடன்நிகழ்வு மட்டுமே.

தொடர்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. 21ஆம் தேதி கொரியாவிலிருந்த ஜப்பானியப் படை, பேரரசரின் ஆணை இல்லாமலே யாலு ஆற்றைக் கடந்தது. அதே நாள் லண்டன் தங்கத்தை விட்டது. அடுத்தது யென்தான் என்று நினைத்த ஜப்பானியப் பெருவங்கிகள் டாலரை வாங்கிக் குவித்தன. நிதியமைச்சர் இனோவே தங்கத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ராணுவத்தை அடக்க முடியாத, யெனையும் காக்க முடியாத வகத்சுகி அமைச்சரவை டிசம்பரில் விழுந்தது. அடுத்து வந்த இனுகாய் அரசு பதவியேற்ற உடனே தங்க ஏற்றுமதியைத் தடை செய்தது. லண்டன் முடிவு மஞ்சூரியாவைத் தொடங்கி வைக்கவில்லை. தடுத்திருக்கக்கூடிய டோக்கியோ அரசைப் பலவீனப்படுத்தியது.

#9 மேலவீதி

இந்தப் பிரிப்பு மிகவும் தெளிவாக இருக்கிறது. சர்வதேச சங்கம் இருந்த ஜெனீவாவையும் சேர்த்துக்கொள்வோம். 10ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதிநிதி ராபர்ட் செசில், போர் இவ்வளவு தொலைவில் இருந்த காலம் உலக வரலாற்றில் அரிது என்ற பொருளில் பேரவையில் பேசினார். எட்டு நாள்தான் இடைவெளி.

சீனா முறையிட்டது சங்க உடன்படிக்கையின் விதி 11ன் கீழ். இது முக்கியம். அந்த விதியில் தீர்மானம் ஒருமனதாக இருக்க வேண்டும், தகராறில் உள்ளவர் ஓட்டும் கணக்கில் சேரும். ஜப்பான் சங்கத்தின் மன்றத்தில் நிரந்தர உறுப்பினர். அதன் சம்மதம் இல்லாமல் ஒரு வரி நகராது. விதி 15ன் கீழ் போயிருந்தால் தகராறுக்காரர் ஓட்டைத் தள்ளிவிட்டு அறிக்கை கொடுக்கலாம். தடை விதிக்கும் விதி 16க்கும் கதவு திறக்கும். 11 விரைவானது, சமரசத்துக்கு ஏற்றது என்று அன்று நினைத்தார்கள். விசாரணைக் குழு அனுப்பும் யோசனையை வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன் ஆதரிக்கவில்லை, டோக்கியோவின் மிதவாதிகளுக்குத் தொல்லையாகும் என்று. கடைசியில் 30 புதனன்று, படைகளை இயன்ற விரைவில் ரயில் மண்டலத்துக்குள் (ஜப்பான் படை வைத்துக்கொள்ள உரிமை பெற்றிருந்த பாதையோர நிலத்துக்குள்) இழுத்துக்கொள்வதாக ஜப்பான் சொன்னதைக் குறித்துக்கொண்டு ஒரு தீர்மானம். எந்தத் தேதிக்குள் என்பது அதில் இல்லை.

#10 தோலாக்கணக்கு

நம் ஊர்ப் பக்கம் இந்த மாதம் எப்படி வந்து விழுந்தது என்பதை யாரும் எழுதவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

1927 சட்டப்படி ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுண்டில் 113.0016 கிரெயின் சுத்தத் தங்கம். 18 பென்ஸ் என்பது பவுண்டில் 0.075 பங்கு; எனவே ரூபாய்க்கு 8.47512 கிரெயின். தோலா 180 கிரெயின். வகுத்தால் தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை. அரசு தங்கம் வாங்கும் சட்ட விலை இதுவேதான், குறைந்தது 40 தோலாப் பாளமாக. விற்பதென்றால் குறைந்தது 1,065 தோலா, அதாவது லண்டனின் அதே 400 அவுன்ஸ். அல்லது தங்கத்துக்குப் பதில் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) கொடுக்கலாம்.

21 திங்களன்று வைஸ்ராய் வில்லிங்டன், இவர் முன்பு சென்னை கவர்னராக இருந்தவர், அவசரச் சட்டம் 6 மூலம் தங்கமோ ஸ்டெர்லிங்கோ விற்கும் கடமையை நிறுத்தினார். மூன்று நாள் வங்கி விடுமுறை. அதே நாளில் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் சாமுவேல் ஹோர், வட்டமேசையின் கூட்டாட்சிக் குழுவில் எழுந்து, ரூபாய் 18 பென்ஸிலேயே ஸ்டெர்லிங்கோடு இருக்கும் என்று அறிவித்தார். இந்தியாவுக்கு நிதிப் பொறுப்பு தரலாமா என்று பேசிக்கொண்டிருந்த மேசையிலேயே, கலந்து பேசாமல் எடுத்த முடிவைப் படித்துக் காட்டினார்கள். 24ஆம் தேதி அவசரச் சட்டம் 7: உண்மையான வணிகத் தேவைக்கு மட்டும் இம்பீரியல் வங்கி வழியாக ஸ்டெர்லிங் விற்பனை.

விளைவைச் சவரனில் பாருங்கள். பழைய மதிப்பில் சவரன் 13 ரூபாய் 5 அணா 4 பை. பவுண்டு 3.40 டாலர் என்றால் சவரனின் உலக மதிப்பு 19 ரூபாய் 1 அணாவை ஒட்டி வரும். எட்டுச் சவரன் சங்கிலி 106 ரூபாய் 10 அணாவிலிருந்து 152 ரூபாய் 10 அணாவுக்கு ஏறுகிறது. பம்பாய் விலை இதைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்கும். கப்பல் கூலி, காப்பீடு, வியாபாரி லாபம் எல்லாம் அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளி இருந்த வரை தங்கம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1931-32இல் நிகர ஏற்றுமதி ஏறத்தாழ 58 கோடி ரூபாய்.

#11 நிலாமுற்றம்

விற்றவர்களுக்கு லாபம் என்றால் அதில் என்ன குறை, ஐயா?

#12 தோலாக்கணக்கு

லாபத்துக்கு விற்றவர் உண்டு. ஆனால் 58 கோடியும் அப்படி வந்ததில்லை. நெல் விலை மூன்று ஆண்டுகளில் பாதியை நோக்கி இறங்கியிருந்தது. பர்மா அரிசி வேறு மலிவாக வந்து சென்னை மாகாணச் சந்தையில் குவிந்தது. நிலவரிக் கிஸ்தியோ ரூபாயில் நிர்ணயித்தது, குறையவில்லை. கடன் பத்திரத்தில் எழுதிய வட்டியும் குறையவில்லை. 50 ரூபாய் கிஸ்திக்குப் பழைய விலையில் மூன்றே முக்கால் சவரன் வேண்டும், புதிய விலையில் இரண்டரைக்குச் சற்று மேல். வீட்டில் இருந்த பொருள்களிலேயே விலை ஏறியது பெண்கள் கழுத்தில் இருந்தது ஒன்றுதான். நெல்லை விற்றுக் கட்ட முடியாததை நகையை விற்றுக் கட்டினார்கள். வட்டிக்கடையில் மூழ்க இருந்த நகையும் இப்போது உருக்குவதற்குப் போனது. இதைத்தான் "துயரத் தங்கம்" என்று இந்தியத் தரப்பு எழுதியது. ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள், அல்லது ரிசர்வுக்கு நீங்களே வாங்குங்கள் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை.

#13 வங்கிக்குறிப்பு

அரசின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஹோம் சார்ஜஸ் (இந்திய அரசு பிரிட்டனில் செய்ய வேண்டிய செலவுகள்) என்ற பெயரில் ஆண்டுக்கு 30 மில்லியன் பவுண்டை ஒட்டி லண்டனில் கட்ட வேண்டியிருந்தது. ரூபாயைத் தனியே விட்டால் எங்கே போய் நிற்கும் என்று நிதி உறுப்பினர் ஷூஸ்டருக்குப் பயம். ஏற்றுமதி விழுந்து ஸ்டெர்லிங் வரவே வழியில்லாத நேரத்தில், கிராமத்துத் தங்கம்தான் அந்த ஸ்டெர்லிங்கைக் கொண்டுவந்தது. ரூபாய் 18 பென்ஸில் நின்றதற்கு இதுவே காரணம்.

#14 தோலாக்கணக்கு

ஆம், அதுதான் என் புகாரும். 18 பென்ஸ் அதிகம், 16 போதும் என்று 1926 முதல் இந்திய வணிகர்கள் வாதாடி வந்தார்கள். பவுண்டைத் தாழவிட்டு பிரிட்டன் தன் விலைவாசியைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த உரிமையை ரூபாய்க்குத் தரவில்லை. ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து இறங்கியதில் டாலர் நாடுகளுக்கு விற்பதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பவுண்டுக்கு எதிராக ஒரு பென்ஸ்கூட அசையவில்லை.

#15 கடலோரன்

மாதத்தின் மற்றவற்றையும் ஒரு ஓரமாகக் குறித்து வைக்கலாம். 5ஆம் தேதி ஆஸ்திரிய-ஜெர்மன் சுங்க ஒன்றியத்துக்கு எதிராக ஹேக் நீதிமன்றம் 8க்கு 7 என்று தீர்ப்பு. இரண்டு நாள் முன்பே வியன்னா அதைக் கைவிட்டுவிட்டது. 10 அன்று பெலிஸ் நகரைப் புயல் அழித்தது. 13 ஞாயிறு மட்டும் மூன்று செய்தி: ஆஸ்திரியாவில் ஃபிரிமரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி பிசுபிசுத்தது, ஹங்கேரியில் பியாதொர்பாஜி ரயில் பாலத்தில் குண்டு, ஷ்னைடர் விமானப் பந்தயக் கோப்பையைச் சூப்பர்மரீன் எஸ்.6பி விமானம் வென்றது. 16 அன்று லிபியாவில் தங்களை எதிர்த்துப் போராடிய உமர் முக்தாரை இத்தாலியர் தூக்கிலிட்டார்கள். அன்றே வங்காளத்தில் ஹிஜ்லி முகாமில் துப்பாக்கிச் சூடு, காவலில் இருந்த இருவர் பலி. 25 முதல் காந்தி லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார், அந்நியத் துணி விலக்கால் வேலை இழந்தவர்களையே.

#16 வங்கிக்குறிப்பு

அமெரிக்காவையும் ஹாலந்தையும் விட்டுவிட்டோம். டச்சு நடுவண் வங்கி லண்டனை நம்பி ஸ்டெர்லிங்கை விற்காமல் வைத்திருந்தது. திங்களன்று வந்த நட்டம் அதன் மூலதனத்தையே விழுங்கியது. இந்தப் பாடத்தைப் பார்த்த மற்ற நடுவண் வங்கிகள் டாலரைத் தங்கமாக மாற்ற ஓடின. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிக்குள் அமெரிக்கா இழந்த தங்கம் 725 மில்லியன் டாலர். செப்டம்பரில் 305 அமெரிக்க வங்கிகள் மூடின, அக்டோபரில் 522. அந்த நேரத்தில் நியூயார்க் வட்டியை 1½இலிருந்து ஒரே வாரத்துக்குள் 3½க்கு ஏற்றியது. லண்டன் செய்யத் தயங்கியதை நியூயார்க் செய்தது. விழுந்துகொண்டிருந்த வங்கிகளுக்கு அது இன்னொரு அடி. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் மாதம் முடிவதற்குள் லண்டன் வழியே வந்துவிட்டன, அவை சீக்கிரம் தேறின.

#17 நிலாமுற்றம்

ஜெனீவா தீர்மானத்துக்கு ஜப்பானும் ஓட்டுப் போட்டது என்றால், 30க்குப் பிறகு படை கொஞ்சமாவது பின்வாங்கியதா?

#18 வடகிழக்கு

சில இடங்களில் பெயரளவுக்கு. மன்றம் மறுபடி கூடவேண்டிய நாள் அக்டோபர் 14 என்று வைத்திருந்தார்கள். 8ஆம் தேதியே ரயில் மண்டலத்துக்கு வெகு தொலைவில், சாங் சுவெலியாங்கின் நிர்வாகம் இடம் பெயர்ந்திருந்த ஜின்ஜோ நகரின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்தத் தாக்குதலில் இஷிவாரா தானே விமானத்தில் போனார்.